ராசிச் சட்டை

ஓடைக்கரைப்பட்டியில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் சேதி தங்கலட்சுமிக்குத்தான் போகும். அவள் மருத்துவச்சியும் இல்லை, ஊர்ப் பெரிய மனுசியும் இல்லை. அவளிடம் ஒரு பீரோ இருந்தது, அவ்வளவுதான்.

நரிக்குடிக்குக் கிழக்கே அந்தப் பக்கத்து ஊர்களில் பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்த மாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்து ஆளான ஒரு பிள்ளை, குழந்தையாக இருந்தபோது போட்ட பழைய சட்டையை வாங்கி அதைத்தான் முதலில் போடுவார்கள். அந்தப் பிள்ளையின் ஆயுசும் திடமும் இதற்கும் ஒட்டிக்கொள்ளுமாம். தங்கலட்சுமி பெற்றது ஐந்து, ஐந்தும் உருப்படி. ஊசி போடக்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பாதி பொய். ஆனால் ஊர் நம்பியது. யார் வீட்டுத் தொட்டிலுக்கும் முதல் சட்டை அவள் பீரோவிலிருந்துதான் போனது.

கேட்டு வருகிறவளைச் சும்மா கொடுத்து அனுப்பிவிட மாட்டாள். உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, பீரோவைத் திறந்து, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, இது மூத்தவன் போட்டது, இது காளீஸ்வரி தவழும்போது போட்டது என்று சரித்திரம் படித்துவிட்டுத்தான் ஒன்றைக் கையில் கொடுப்பாள். சட்டையை விரித்ததும் மூக்கைத் துளைக்கிற மாதிரி ஒரு வாசம் வரும். வந்தவள் அதை முகர்ந்து பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "அலசிப்புடாத. அலசுனா ராசி தண்ணியோட போயிரும். அப்படியே போடு" என்று தங்கலட்சுமி சொல்லி அனுப்புவாள். பிள்ளைக்குப் பேர் வைத்துப் புதுத்துணி போட்ட பிறகு, சட்டை துவைத்து மடித்து அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச காலமாக ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மருதுபாண்டி வீட்டில் பிறந்த ஆண்பிள்ளை, பிறக்கும்போது ஊரைக் கூட்டி அழுதது. ஒரு வாரத்துக்குள் மஞ்சளாகி, பால் குடிக்க மறந்து, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டது. மதுரையில் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் தலை நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்து சுகப்பிரியாவின் பிள்ளை. அது மதுரைக்கே போய்ச் சேரவில்லை. அருப்புக்கோட்டை தாண்டும்போதே மடியில் அடங்கிவிட்டது. இரண்டும் ஆண்பிள்ளைகள். அதே காலத்தில் பிறந்த பொட்டப்பிள்ளைகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஆண்வாரிசை அறுக்க யாரோ செய்து வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு கூட்டம். ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசிதான் காரணம் என்றது இன்னொரு கூட்டம். கருவேலங்கட்டை எரிக்கிற கரிமூட்டப் புகை என்றார்கள், குழாய்த் தண்ணீர் என்றார்கள். குழாயடியில் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசினால் மூன்றாமவள் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிக் குடத்தை இடித்துக்கொண்டு போனாள். தங்கலட்சுமியின் மகள் காளீஸ்வரி அப்போது மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். பிறப்பது ஆணாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு அவளைச் சோறு தின்ன விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஜெயசெல்வி வந்து சேர்ந்தாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பச்சைப்பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர். பிறந்த பிள்ளைகளின் மூளையிலும் மூச்சிலும் வருகிற கோளாறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஒரு வெள்ளைக் காரில் நர்சோடு வந்து இறங்கி, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டாள். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். யார் யாருக்குச் சொந்தம், எந்தப் பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுத்தது என்றுகூட விசாரித்தாள். குதிகால் ரத்தம் எதற்கு, சம்பந்த விவரம் எதற்கு என்று தங்கலட்சுமிக்கு மூக்கில் வேர்த்தது.

டாக்டர் அவள் வீட்டு கேட்டுக்கும் வந்தாள். தங்கலட்சுமி கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றுகொண்டாள்.

"அம்மா, நான் வெளியூரு இல்ல. பாலவனத்தம்தான். ஜான்ராஜ் வாத்தியார் மக."

"பாலவனத்தத்துல பிள்ளையே பிறக்கலையாக்கும். இங்கன என்னத்தத் தேடுறீக?"

டாக்டர் சிரித்தாள். "நல்லா அழுதுக்கிட்டுப் பிறந்த பிள்ளைக ஒரு வாரத்துல ஏன் மூச்சு விட மறக்குதுன்னு தேடுறேன்மா. மூளையில என்னமோ போய்த் தங்குது. அது எதனாலன்னு இன்னும் தெரியல."

"தெரியாமத்தான் வந்தீகளா?"

"தெரிஞ்சா நான் வரவே வேண்டாமே. ஒங்க மக மாசமா இருக்காங்களாமே. உள்ள வந்து வீட்டை ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"எம் வீட்டுல ஒண்ணும் இல்ல. பெத்த அஞ்சும் கல்லு மாதிரி இருக்கு. சீக்கு வந்த வீட்டைப் போய்ப் பாருங்க."

தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற டாக்டரைத் தங்கலட்சுமி தன் ஆயுசில் பார்த்ததில்லை. மருந்துக் கடைக்காரன்கூடத் தெரியாது என்று சொல்ல மாட்டான். இவள் எதையோ தெரிந்துகொண்டுதான் தெரியாத மாதிரி நடிக்கிறாள், நம் ரத்தத்தில் குறை இருக்கிறது என்று எழுதிப் பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று அன்று முழுக்கப் புருசனிடம் சொல்லித் தீர்த்தாள். ராமசுப்பு மல்லிச்செடிக்குக் களையெடுக்க ஆள் கிடைக்காத கவலையில் இருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

டாக்டர் கேட்டுவிட்டுப் போன கேள்விகளில் ஒன்று மட்டும் தங்கலட்சுமிக்குப் பிடித்துப்போயிற்று. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுகிறது யார் என்று டாக்டர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருந்தாள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் மூச்சு முட்டும், விடாதீர்கள் என்று எச்சரித்தும் இருந்தாள். ஊரில் பச்சைப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவள் சந்தனம்மாள் ஒருத்திதான். காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, உடம்பு உருவி, மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊதிவிடுவாள். சுகப்பிரியா பிள்ளையைக் குளிப்பாட்டியது அவள். மருதுபாண்டி பிள்ளையையும் அவள்தான்.

சந்தனம்மாள் வேறு யாரும் இல்லை. ராமசுப்புவுக்குப் பங்காளி முறையில் அண்ணன் பெண்டாட்டி, தங்கலட்சுமிக்கு அக்கா முறை. புருசன் செத்த பிறகு இந்தக் குளிப்பாட்டுகிற வேலையில்தான் அவளுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. பல வருசத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று, பிறகு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார்கள். அதெல்லாம் இப்போது தங்கலட்சுமிக்கு வசதியாக நினைவுக்கு வந்தது.

குழாயடியில் ஒரு நாள் காலையில் கூட்டத்துக்கு நடுவில் பொடி வைத்துப் பேச ஆரம்பித்தாள். "டாக்டரம்மாவே கேட்டுட்டுப் போறாக, எண்ணெ விடுறது யாருன்னு. நான் ஒண்ணும் சொல்லலப்பா. பிள்ளைகள வாங்கி மடியில போட்டது யாரோ, அவுகளுக்குத்தான் தெரியும்."

சந்தனம்மாள் வரிசையில் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "தங்கம், நேரா சொல்லு. என்னையத்தான சொல்ற?"

"ஒங்க பேரச் சொன்னேனா அக்கா?"

"எத்தன பிள்ளைகள இந்தக் காலு மேல போட்டிருக்கேன். ஒன் அஞ்சு பிள்ளைகளையும் யாரு குளிப்பாட்டுனது?"

"அப்ப ஒங்க கண்ணு நல்லா இருந்துச்சு" என்றாள் தங்கலட்சுமி. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சுகப்பிரியா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனாள். அதன் பிறகு சந்தனம்மாளைப் பிள்ளை குளிப்பாட்ட ஒருவரும் கூப்பிடவில்லை. கோயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கைப்பிள்ளைக்காரிகள் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். தங்கலட்சுமி அதைப் பார்த்தாள். பாவமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் கூடுதல்.

காளீஸ்வரிக்கு அருப்புக்கோட்டையில் பிரசவம் ஆயிற்று. ஆண்பிள்ளை. கறுகறுவென்று தலைமுடியும் கொழுகொழு கன்னமுமாக, நர்சு கையிலேயே கத்தித் தீர்த்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து தங்கலட்சுமி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். வாசலில் வேப்பிலை, தொட்டிலில் இரும்பு, கையில் வசம்பு. எண்ணெயை மூக்கு, காதுப் பக்கமே கொண்டுபோகவில்லை. குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்று கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குளிப்பாட்டினாள். கரிமூட்டப் புகை வருகிற பக்கத்து ஜன்னலைச் சாத்தி ஆணி அடிக்கச் சொன்னாள். பார்க்க வந்த பெண்களை வாசற்படியோடு பேசி அனுப்பினாள். பிள்ளையைத் தொட்டது பெற்றவளும் அவளும் மட்டும்தான். வெளியாள் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது என்று தன் பீரோவிலிருந்து எடுத்த சட்டைகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டாள். போட்ட சட்டைக்கு மேல் பீரோவில் இருந்த துணியையே சுற்றி, அதிலேயே படுக்கவும் வைத்தாள்.

பிள்ளையைக் கொண்டுவந்த மறுநாள் காலை கேட்டில் சந்தனம்மாள் வந்து நின்றாள். அவள் மகளுக்கும் முந்தின நாள்தான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. உள்ளே வரவில்லை, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

"சட்டைக்கு வந்தேன் தங்கம். எம்மேல உள்ளத பிள்ள மேல வைக்காத."

தங்கலட்சுமிக்கு அப்போது வந்த சந்தோசம் நல்ல சந்தோசம் இல்லை. ஊரே பார்க்க இவள் நம் வாசலில் வந்து நிற்கிறாள் என்று மனசு துள்ளியது. பெருந்தன்மையாக உள்ளே போய், அடுக்கில் இருந்ததிலேயே நல்லதாக மூத்தவன் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே நீட்டினாள்.

"நான் என்ன அரக்கியா அக்கா? பிள்ள நல்லா இருக்கட்டும். பேரனையாச்சும் வேற யாரையாவது விட்டுக் குளிப்பாட்டச் சொல்லுங்க."

சந்தனம்மாள் சட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலையில் காளீஸ்வரி கூப்பிட்டாள். "அம்மா, பிள்ள பால் குடிக்க மாட்டேங்கிறான். மொகத்தப் பாரேன்." தங்கலட்சுமி பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. நெஞ்சு, வயிறு எல்லாம் மஞ்சள். எழுப்பினால் எழவில்லை. கிள்ளியபோது ஒரு மாதிரிக் கீச்சென்று அழுதது. அந்த அழுகையை அவள் சுகப்பிரியா வீட்டில் கேட்டிருந்தாள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் செய்தது, யார் செய்தது என்று மனசு ஓடியது. சந்தனம்மாள் கேட்டோடு போய்விட்டாள், பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, புகை இல்லை. டாக்டரம்மாவை அவள்தான் வாசலோடு அனுப்பிவிட்டாள். சந்தேகப்பட்ட ஒவ்வொரு ஆளையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று. உள்ளே இருந்தது அவளும் பெற்ற மகளும்தான். மகளையே ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"நான் அந்த டாக்டரம்மாவுக்குப் போன் அடிச்சிட்டேன்" என்றார் ராமசுப்பு. அவர் கையில் செல்போன் இருந்தது. டாக்டரின் நம்பரை எப்போது வாங்கி வைத்தார் என்று தங்கலட்சுமிக்குத் தெரியாது. "ஒரு நிமிசம்கூட இருக்கக் கூடாதாம். ஆம்புலன்சு வருது. மதுரைக்கு நேரா அவுக கிட்டயே வரச் சொல்றாக."

"அந்தப் பொம்பளகிட்டயா?"

"ஆமா. அந்தப் பொம்பளகிட்டத்தான்." அவர் இத்தனை வருசத்தில் அந்தக் குரலில் அவளிடம் பேசியதில்லை.

மதுரைக்குப் போகிற வழியில் பிள்ளை இரண்டு தடவை மூச்சை நிறுத்தியது. நெஞ்சு ஏறி இறங்குவது நின்று, உதடு நீலமாகி, பொம்மை மாதிரி கிடந்தது. ஆம்புலன்சில் இருந்த நர்சு முதுகைத் தேய்த்து, பிறகு முகத்தில் ஒரு மூடியைப் பொருத்திப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பினாள். தங்கலட்சுமி ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். சாமிகளின் பேர் தீர்ந்த பிறகு, "நர்சம்மா, விட்றாத தாயி, விட்றாத" என்று அந்தப் பெண்ணையே கும்பிட்டாள்.

டாக்டர் ஜெயசெல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ராமசுப்பு கையெழுத்துப் போட்டார். காளீஸ்வரி சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தங்கலட்சுமி மட்டும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த நிலையிலும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. எந்த ரத்தத்தை எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கணக்குப் பார்த்தது மனசு.

வெகு நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தாள். கையில் பிள்ளைக்குச் சுற்றியிருந்த துணியும் சட்டையும் இருந்தன.

"பிழைச்சுக்கிட்டான். மூச்சு சீரா வருது. மூளைக்கு ஏதும் ஆயிருக்கான்னு போகப்போகத்தான் தெரியும். சீக்கிரம் கொண்டாந்துட்டீங்க." அப்புறம் துணியை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். "இதுல பாச்சா உருண்டை வாசம் வருது. எங்க இருந்துச்சு இந்தத் துணி?"

"பீரோவுல" என்றாள் தங்கலட்சுமி. "பூச்சி அரிக்காம இருக்க நாலஞ்சு போட்டு வைப்பேன். அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான?"

டாக்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சில பிள்ளைக ரத்தத்துக்கு அந்த உருண்டை ஆகாதும்மா. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, தாய் வழியில வர்ற குறை. துணியில ஏறின வாசமே போதும், ரத்தம் உள்ளுக்குள்ள உடைஞ்சு மஞ்சளாகும். அந்த மஞ்சள் மூளையில போய்த் தங்கும். மூளை மூச்ச விடச் சொல்ல மறந்துரும். மருதுபாண்டி பிள்ள ரத்தத்தப் பாத்ததுலயிருந்து எனக்கு இந்தச் சந்தேகம். அவுக வீட்டுலயும் சுகப்பிரியா வீட்டுலயும் பீரோ, பெட்டி எல்லாத்தையும் திறந்து பாத்தேன். ஒரு உருண்டைகூட இல்ல. அதனாலதான் விட்டுட்டு எண்ணெ, புகைன்னு அலைஞ்சேன்." குரல் இறங்கியது. "துணி வேற வீட்டுலேர்ந்து வரும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் போகாத வீடு ஒங்க வீடு ஒண்ணுதான்."

தங்கலட்சுமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பழியை நம் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று வாயைத் திறந்தாள். "எம் பிள்ளைக அஞ்சும் அதே சட்டையத்தான..." என்று ஆரம்பித்தவள் அதோடு நின்றாள். அவள் பிள்ளைகள் போட்டபோது சட்டைகள் தகரப்பெட்டியில் வேப்பிலைக்கு நடுவில் இருந்தன. இரும்பு பீரோ வந்தது காளீஸ்வரி கல்யாணத்துக்குச் சீர் வாங்கும்போது, கூடவே வீட்டுக்கும் ஒன்றாக. அருப்புக்கோட்டைக் கடையில் பீரோ வாங்கிய கையோடு, பக்கத்துக் கடையில் வெள்ளை உருண்டையும் அவளே கேட்டு வாங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தவன்தான் மருதுபாண்டி பிள்ளை. அலசாமல் போடு என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

யாரோ பிடித்து உலுக்கியது போல் நிமிர்ந்தாள். "சந்தனம் அக்கா பேரன்" என்றாள்.

"யாரு?"

"நேத்துக் குடுத்தேன். ஆம்பளப் பிள்ள. நாந்தான் குடுத்தேன்."

டாக்டர் எழுந்தாள். "உடனே போன் பண்ணுங்க. சட்டையக் கழட்டச் சொல்லுங்க. பிள்ளைய வெளிச்சத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

ராமசுப்புவின் போனில் சந்தனம்மாள் வீட்டுக்கு அடித்தாள். சந்தனம்மாள்தான் எடுத்தாள்.

"அக்கா, நான் தங்கம் பேசுறேன். அந்தச் சட்டையக் கழட்டிருங்க. இப்பவே கழட்டுங்க."

"ஒம் பேரனுக்கு முடியலயாமே" என்றாள் சந்தனம்மாள். "எஞ்சட்டைய அவளுக்குப் போயிக் குடுத்தனே, எம் ராசி அங்கிட்டுப் போயிருச்சேன்னு ஒனக்குத் தோணிருச்சாக்கும்."

"அப்படி இல்லக்கா. அதுல வெசம் இருக்கு. டாக்டரம்மா இங்கதான் நிக்கிறாக."

"அன்னைக்கும் டாக்டரம்மா சொன்னாகன்னுதான் சொன்ன. எண்ணெயில வெசம், எங்கண்ணுல வெசம். இன்னைக்கு நீ குடுத்த சட்டையில வெசமா? ஒன்னைய நம்பி இனி ஒண்ணும் செய்ய மாட்டேன். பேரன் ஒறங்குறான். வையி போன."

டாக்டர் போனை வாங்கிப் பேசப் பார்த்தாள். மறுபடி அடித்தபோது சந்தனம்மாள் எடுக்கவில்லை. ஊரில் வேறு யாருக்காவது அடிக்கலாம் என்றார் ராமசுப்பு. அடித்தால் அவர்கள் போய் என்ன சொல்வார்கள்? தங்கலட்சுமி சொன்னாள் என்பார்கள். சந்தனம்மாள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவைச் சாத்தக் கற்றுக் கொடுத்தது யார் என்று தங்கலட்சுமிக்குத் தெரிந்தது.

"காரை எடுங்க டாக்டரம்மா. நான் வாரேன்" என்றாள். பேரனை அவள் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக நீல வெளிச்சத்துக்குக் கீழே கிடந்த அவனை ஒரு தடவை பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகளிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினாள்.

திருச்சுழி தாண்டியபோது டாக்டர், "எண்ணெயப் பத்தி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். தங்கலட்சுமி வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டது தப்பில்லை, அதை எடுத்துக்கொண்டுபோய் ஒருத்தி தலையில் போட்டதுதான் தப்பு என்று சொல்ல நினைத்தாள்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே ஊருக்கு வந்துவிட்டார்கள். வெள்ளைக் கார் சந்தனம்மாள் வீட்டு முன்னால் நின்றதும் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தோடு கூடிவிட்டார்கள். சுகப்பிரியாவும் அதில் இருந்தாள். சந்தனம்மாள் வாசலை மறித்து நின்றாள். தோளில் பேரன், மேலே அந்த வெள்ளைச் சட்டை.

"டாக்டரையும் கூட்டியாந்துட்டியா தங்கம்? என்ன செஞ்சாலும் தர மாட்டேன்."

தங்கலட்சுமி காரில் வரும்போது நூறு விதமாகப் பேசிப் பார்த்திருந்தாள். பாச்சா உருண்டை, ரத்தம், மூளை என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் அதெல்லாம் உதவாது என்று தெரிந்தது. டாக்டர் வாய் திறப்பதற்குள் அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நீங்க ஒண்ணும் செய்யலக்கா. ஒங்க எண்ணெயும் செய்யல, ஒங்க கண்ணும் செய்யல. எம் பீரோதான். அந்த வாசம்தான் வெசம். மருதுபாண்டி பிள்ளைய அப்படி ஆக்குனது எஞ்சட்டை. சுகப்பிரியா பிள்ளையக் கொன்னது எஞ்சட்டை. எம் பேரனுக்கும் நாந்தான் போட்டேன். ஒங்களத் தெருவுல நிக்க வச்சதும் நாந்தான். கழட்டுங்கக்கா, ஒங்க காலுல விழுறேன்." சொன்னபடியே விழுந்தாள்.

சந்தனம்மாள் காலடியில் கிடந்தவளைப் பார்த்தாள். தன்மேல் பழி போட்டவள், உண்மை இல்லாமல் தன்னைத்தானே கொலைகாரி என்று ஊர் நடுவில் சொல்லிக்கொள்ள மாட்டாள் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். தோளிலிருந்த பிள்ளையை இறக்கி, சட்டையைக் கழற்றித் தெருவில் எறிந்தாள். டாக்டர் பிள்ளையை வாங்கிச் சாயங்கால வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு நுனியை அமுக்கிப் பார்த்தாள், பிறகு நெஞ்சை.

"லேசாத்தான் மஞ்சள் ஏறியிருக்கு. இப்பவே கொண்டுபோனா நீல வெளக்குல வச்சே சரி பண்ணிரலாம். தாயும் பிள்ளையும் கார்ல ஏறுங்க" என்றாள்.

சந்தனம்மாள் மகளைக் கூப்பிட உள்ளே ஓடினாள். தங்கலட்சுமி எழுந்து புழுதியைத் தட்டாமல் நின்றாள். எதிரே சுகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. தெருவில் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே" என்றாள். "அவன் போற எடத்துலயாச்சும் ராசியா இருக்கட்டும்னு, ஒங்க சட்டையோடதான் அவனப் பொதச்சோம்."